மறைப்புக்குப் பின்னால் பூத்தவை

மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கோயில் கமிட்டிக் கூட்டத்தில், இருபது இருபத்தைந்து ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில், என் மகள் பூரணி எந்தத் தேதியில் தூரமானாள் என்று தலைவர் கந்தப்பன் என்னைக் கேட்டார். கையில் கலண்டர் வேறு வைத்திருந்தார்.

டிக்கோயா டவுனில் பைஸர் நானாவின் இரும்புக் கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கிற கலண்டர் அது. அதில் விரலை வைத்துக்கொண்டு, மழை பெய்த நாளைக் கேட்கிற மாதிரி கேட்டார். பூரணிக்குப் பதினான்கு வயது. கோயில் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. மாரியம்மன் திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் கரகக் குடத்தைச் சோடித்துப் பாலிக்கும்போது, அந்தக் கரகத்தில் வைக்கிற செவ்வந்தி எங்கள் பிரிவு மண்ணில் பூத்ததாக இருக்க வேண்டும். கடைப் பூ கூடாது. அதனால் வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை வந்த வீட்டார் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் தைப்பொங்கலுக்கு மறுநாள் செவ்வந்திக் கன்று ஊன்ற வேண்டும். மாசி கடைசியில் மொட்டு வரும், பங்குனி உத்தரத்துக்குப் பூ வரும். பூமுறை என்று அதற்குப் பெயர். ஒரு வீட்டுக்கு ஒரு தலைமுறையில் ஒரு தடவைதான் வரும் என்பதால், வந்த வீட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். பூ வராமல் போனால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வருஷம் இருந்ததில்லை. இந்த வருஷம் முறை எங்களுடையது.

பாத்தி வெட்டிக் கொடுத்தது நான்தான். வளர்த்தது பூரணி. நான் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடினால், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர ஐந்து மணியாகும். என் புருஷன் அழகன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையற்கட்டு வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். ஆகவே களை பிடுங்கினது, சாணம் கரைத்து ஊற்றினது, மலைத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது எல்லாம் அந்தப் பிள்ளைதான். மார்கழியில் அவள் பெரிய மனுஷி ஆனாள். மாதத்தில் அந்த மூன்று நாள் பாத்திக்குள் கால் வைக்காதே என்று நான் சொல்லியிருந்தேன். அவளும் வைக்கவில்லை. அந்த நாட்களில் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு வீரம்மாக்கா தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, அந்த மூலைக்கும் ஊத்துங்க” என்று கத்திக்கொண்டிருப்பாள்.

இனி லைட்டுக்கு வருகிறேன். கந்தப்பன் எங்கள் கோயில் கமிட்டித் தலைவர். இரண்டு மகன்களும் கட்டாரில். இந்தத் தைப்பொங்கலன்று, செத்துப்போன தன் அப்பா சோலைமலையின் ஞாபகமாகக் கோயிலுக்கு ஒரு இரும்புக் கம்பமும் அதன் உச்சியில் பெரிய எல்ஈடி லைட்டும் கொடுத்தார். வெள்ளை லைட் நல்ல வெளிச்சம் தரும் என்று பைஸர் நானா சொன்னாராம். இவர் கேட்கவில்லை. அம்மனுக்குச் சிவப்புதான் உகந்தது என்று சொல்லிச் சிவப்பாகவே வரவழைத்தார். மாலை ஆறு மணிக்குத் தானாகப் பற்றும், காலை ஆறு மணிக்குத் தானாக அணையும். கோயில் மேட்டில் இருக்கிறது, எங்கள் வீட்டு வரிசை, லயம், பள்ளத்தில் இருக்கிறது. கோபுரத்துக்குப் போன வெளிச்சம் பாதி, எங்கள் லயத்துத் தோட்டங்களில் விழுந்தது மீதி.

யாரும் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சிறுத்தை நடமாடுகிற இடம், இருட்டில் கக்கூசுக்குப் போக ஆள் துணை தேடுவோம். அதற்கு இனி அவசியம் இல்லை என்று சந்தோஷப்பட்டோம். லைட் பற்றிய முதல் நாள் நான் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் கன்று ஊன்றினோம்.

செடி வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தியை நான் எந்த வீட்டுப் பூமுறையிலும் பார்த்ததில்லை. மாசி பிறந்தபோது முழங்கால் உயரம், பாதியில் இடுப்பு. இலை என்றால் அப்படி ஒரு இலை, கரும்பச்சையாக, அடர்த்தியாக. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்து, பூரணியின் கை ராசியான கை என்றார்கள். மாசி கடைசியும் வந்தது. மொட்டு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நுனியாகக் கிள்ளிப் பார்த்தேன். இலைக்குள் இலை, அதற்குள்ளும் இலை.

வீரம்மாக்கா வேலியில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “இத்தன வருஷமா இப்படி ஆனதில்லையே புள்ள. வயசுக்கு வந்த புள்ள தெரியாத்தனமா உள்ள கால் வச்சிருச்சோ என்னமோ.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊரில் கொடி கருகினாலும் ஊறுகாய் பூசணம் பிடித்தாலும் வீட்டிலிருக்கிற பொம்பளைப் பிள்ளையைத்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள். அது பழக்கம். ஆனால் அவள் சொன்ன பிறகு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வந்தேன். பூரணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்த நாள்ல பாத்திக்குள்ள போனியா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா.”

“பொய் சொல்லாத.”

அவள் மாவுக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து ரொட்டியைத் தட்டினாள். அன்றைக்கு அவள் அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது கமிட்டி இல்லை. நான்.

இரண்டு நாள் கழித்துத்தான் கமிட்டி கூப்பிட்டது. பூசாரி மாயாண்டி அண்ணன்தான் பேச்சை எடுத்தார். கரகம் தூக்குகிறவர் அவர். முறை என்றால் முறை, ஒரு நூல் இடம் விட மாட்டார். “பூ நின்னு போச்சுன்னா தீட்டுப் பட்டுருக்குன்னு அர்த்தம். எங்கன்னு பாக்கணும்” என்றார். அப்போதுதான் கந்தப்பன் கலண்டரை எடுத்தார்.

“புள்ளைக்கு எந்தத் தேதின்னு சொல்லு தங்கச்சி. கன்னு ஊனுன நாளோட சரி பாத்துருவோம்.”

சுற்றிலும் பார்த்தேன். தரையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். மற்ற எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். என் கொழுந்துக் கூடையை எத்தனையோ தடவை தூக்கிவிட்டவர்கள், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்.

“கலண்டர மூடுங்க தலைவரே,” என்றேன். “உங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க. அவங்க தேதி எல்லாத்தையும் குறிச்சு இந்தக் கம்பத்துல ஒட்டுங்க. அப்புறம் எங்கிட்ட வாங்க.”

கூட்டம் சலசலத்தது. பொம்பளை வாய் நீளுகிறது என்றார்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள்: திருவிழாவன்று காலையில் நானும் பூரணியும் எல்லார் முன்னாலும் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டு, எங்கள் வீட்டில் தீட்டுப் பட்டது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவரை பூரணி கோயில் படி ஏறக் கூடாது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் படிக்குக் கீழே இல்லை. வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தாள்.

நான் வீட்டுக்குப் போய் நேராகக் கவ்வாத்துக் கத்தியைத்தான் எடுத்தேன். பாத்தி முழுவதையும் வேரோடு சாய்த்துவிட்டு, அந்தக் குப்பையைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் கொட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். முதல் வரிசையில் நான்கு செடியை வெட்டினேன். அந்த நேரம் ஆறு மணியாகி லைட் பற்றியது. பாத்தி முழுவதும் குங்குமம் கரைத்து ஊற்றினது போல் சிவந்தது. கடைசி மூலை மட்டும் சிவக்கவில்லை.

அந்த மூலைக்கு வெளியே, பாத்தியை ஒட்டிப் பூரணியின் மறைப்பு இருக்கிறது. அவள் வயதுக்கு வந்தபோது அவள் அப்பா கொழும்பிலிருந்து வந்து போட்டது. நாங்கள் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்குகளையும் உரப் பைகளையும் தைத்து, நான்கு கம்பு நட்டுக் கட்டியிருந்தார். பிள்ளை அதற்குள் குளிப்பாள், அவள் துணிகளும் அதற்குள்தான் காயும். ஆம்பிளைக் கண் படக்கூடாது என்பதற்காக ஆள் உயரத்துக்கும் மேலே தூக்கிக் கட்டியது. அது கோயில் கம்பத்துக்கும் பாத்தி மூலைக்கும் நடுவில் நின்றது. அதன் நிழல் இரண்டு வரிசைச் செடியின் மேல் முழுசாக விழுந்தது.

அந்தச் செடிகள் குட்டையாக இருப்பதை நான் முன்பே பார்த்திருந்தேன். சோப்புத் தண்ணீர் ஓடி நோஞ்சானாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் குனிந்து, போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நுனியிலும் கொத்துக் கொத்தாக மொட்டு. சில மொட்டுகளில் மஞ்சள் கூடத் தெரிந்தது. நிழலின் ஓரத்தில் ஒரு செடி நின்றது. அதில் நிழலுக்குள் இருந்த கிளை மொட்டுக் கட்டியிருந்தது. வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டிருந்த கிளை வெறும் இலை.

நான் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் நான் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு பூக் கம்பனியில் வேலை செய்தவள். பொலித்தீன் கூடாரத்துக்குள் அதே செவ்வந்திதான். கன்று வைத்த முதல் சில வாரத்துக்கு நடுராத்திரியில் பல்பு போடுவார்கள். பூக்கக் கூடாது, தண்டு நீளட்டும் என்பதற்காக. தண்டு நீண்ட பிறகு பல்பை நிறுத்தி நல்ல இருட்டுக் கொடுத்தால்தான் மொட்டுக் கட்டும். “இந்தச் செடி பகலை எண்ணுறதில்ல. ராத்திரியத்தான் எண்ணும். நடுவுல வெளிச்சம் பட்டா எண்ணுனது அவ்வளவும் வீண்” என்று அங்கிருந்த சுப்பவைசர் சொல்வார். முதலில் குண்டு பல்பு இருந்தது. பிறகு சிவப்புப் பல்பு கொண்டுவந்தார்கள். கரண்ட் குறைவு, செடிக்கு உறைப்பதும் சிவப்புதானாம். ஒரு தடவை ஒரு பல்பு பியூஸ் போய், அதற்குக் கீழே இருந்த செடி மட்டும் வட்டமாக முந்திப் பூத்துவிட்டது. நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஏச்சு வாங்கினோம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன், இந்தக் கையால் அந்தப் பல்புகளைத் துடைத்திருக்கிறேன். கம்பனியில் இருந்தால் அது பல்பு. கோயில் கம்பத்தில் ஏறினால் அது சாமி வெளிச்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூ வரவில்லை என்றதும் தலைக்கு மேலே எரிகிற லைட்டைப் பார்க்காமல், அடுப்படியில் நின்ற பிள்ளையைப் பார்த்தேன். கந்தப்பனுக்காவது தெரியாது. எனக்கு என்ன கேடு?

பூரணியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பாத்தி ஓரத்தில் நின்றாள், உள்ளே இறங்கவில்லை. கண் வீங்கியிருந்தது. மொட்டைக் காட்டினேன். நிழலைக் காட்டினேன். கம்பனிப் பல்பைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

“இங்கதானே என் துணி காயுது” என்றாள்.

“ஆமா.”

“இங்க மட்டுந்தான் பூக்குது.”

“ஆமாடி.”

“உனக்கு இதெல்லாம் முன்னமே தெரியும். அப்ப எதுக்கும்மா என்னைக் கேட்ட?”

அவள் உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. பஸ் வந்து நிற்கிற ஹோல்டில் பிள்ளைகள் ‘தேதி, தேதி’ என்று கூப்பிடுகிறார்கள் என்று வீரம்மாக்காவின் மகள் வந்து சொன்னாள். வீரம்மாக்கா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நான் கந்தப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாயாண்டி அண்ணன் நின்றார். நடந்ததைச் சொல்லி, திருவிழா முடியும் வரைக்குமாவது ராத்திரியில் லைட்டை நிறுத்துங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“அம்மனுக்குப் போட்ட லைட்டு அம்மன் பூவக் கெடுக்குமா? யாரு காதுல பூ சுத்துற?”

“செடிக்கு அம்மன் லைட்டு, கம்பனி லைட்டு தெரியாதுங்க. அதுக்கு இருட்டுன்னா இருட்டு. நீங்க வாங்க, வந்து உங்க கண்ணால பாருங்க. நெழல் எங்க விழுதோ அங்க மொட்டு இருக்கு. கோடு போட்ட மாதிரி இருக்கு.”

“எங்க?”

“பூரணியோட மறைப்புக்குப் பின்னால.”

அவர் முகம் சுளித்தது. “பொம்பளப் புள்ள துணி காயப்போடுற எடத்துக்கா என்னை வரச்சொல்ற? அந்த எடத்துல பூத்தது கரகத்துக்கு ஆகுமா? விடு. இந்த வருஷம் ஹட்டன்ல பூ எடுத்துக்கிருவோம். நீ வந்து விழுந்து கும்பிட்டுட்டுப் போ, பிரச்சினை முடிஞ்சுது.”

இதைக் கேட்டதும் மாயாண்டி அண்ணன் நிமிர்ந்தார். “கடைப்பூ வச்சா கரகம் பாலிக்காது தலைவரே,” என்றார். “அப்படின்னா வேற ஆளப் பாத்துக்கங்க. நான் தூக்க மாட்டேன்.”

“இவ சொல்ற பூவ வச்சுத் தூக்குவீங்களா?”

இரண்டு பேரும் அங்கேயே வாக்குவாதப்பட ஆரம்பித்தார்கள். நான் வந்துவிட்டேன். லைட் அணையவில்லை. அன்றைக்கும் எரிந்தது, அதற்கு மறுநாளும் எரிந்தது. எங்கள் பாத்தியில் வெளிச்சம் பட்ட செடி நெஞ்சு உயரத்துக்கு வந்து, பாரம் தாங்காமல் சாய்ந்தது. நான் கம்பு ஊன்றிக் கட்டவில்லை. கிடக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம் மாயாண்டி அண்ணன் தனியாக வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றார். நான் இஸ்தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிடவில்லை. லைட் பற்றியது. அவர் மறைப்பைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், மூலையில் விரியத் தொடங்கியிருந்த மொட்டுகளைப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலே கையை நீட்டி, ஒரு இலையின் மேல் தன் கையின் நிழல் விழுவதைப் பார்த்தார். கையை எடுத்தார், இலை சிவந்தது. கையை வைத்தார், கறுத்தது. மூன்று நான்கு தடவை அப்படிச் செய்தார். என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

பங்குனி உத்தரம் வந்தது. காலையிலேயே ஆற்றங்கரையில் தப்பு மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மற்ற வருஷம் என்றால் பூமுறை வீட்டு வாசலில் கோலம் போட்டு, வாழை கட்டி, சனம் நிறைந்திருக்கும். எங்கள் வாசலில் ஒரு கோழி கூட இல்லை. அழகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் குளித்து, உடுத்திக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். விழுந்து கும்பிடப் போவதில்லை என்று முன்பே சொல்லியனுப்பிவிட்டேன். மூலையில் இரண்டு வரிசையும் பூத்திருந்தது. நல்ல மஞ்சள், கை நிறைய வருகிற பூ.

ஒன்பது மணியிருக்கும். கந்தப்பன் வந்தார். மாயாண்டி அண்ணன் பித்தளைத் தட்டோடு வந்தார். அவர்களுக்குப் பின்னால் கமிட்டி, அவர்களுக்குப் பின்னால் பாதிப் பிரிவு. கந்தப்பனின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மாயாண்டி அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை என்று.

“நேரம் போகுது தங்கச்சி,” என்றார் கந்தப்பன். “பூவக் குடு.”

“நான் வளக்கல. வளத்தவகிட்ட கேளுங்க” என்றேன்.

பூரணியை நான் தயார்ப்படுத்தவில்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. உள் அறையிலிருந்து, காம்பராவிலிருந்து, வெளியே வந்தாள். ஒரு மாதமாகச் சரியாக வாராமல் கிடந்த தலையை வாரிப் பின்னியிருந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்துபோய்ப் பாத்திக்குள் இறங்கினாள். மறைப்புக்குப் பின்னால் போனாள். ஒவ்வொரு பூவாக வெட்டி மடியில் போட்டாள். அவசரப்படவில்லை. கூட்டம் முழுவதும் வெயிலில் நின்றது. மடி நிறைந்ததும் வந்து கந்தப்பனுக்கு முன்னால் நின்றாள்.

“மாமா, கமிட்டியில தேதி கேட்டீங்களே” என்றாள். குரல் எல்லாருக்கும் கேட்டது. “நேத்து. இன்னைக்கு ரெண்டாம் நாள். கலண்டர்ல குறிச்சுக்கங்க. இந்தப் பூவ நான்தான் வெட்டுனேன். வேணும்னா எடுத்துக்கங்க, வேணாம்னா நான் தலையில வச்சுக்கிறேன்.”

எனக்கும் அது அப்போதுதான் தெரியும். கந்தப்பன் பின்னால் நகர்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்து, அதில் போடு என்கிற மாதிரி நீட்டினார்.

மாயாண்டி அண்ணன் அந்தத் துண்டைத் தள்ளிவிட்டார். தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் சேர்த்து அவளுக்கு முன்னால் நீட்டினார். “எங்க மண்ணுல பூத்தது இது மட்டுந்தான். குடு ஆத்தா” என்றார். பூரணி மடியிலிருந்த பூவை அவர் கையில் அள்ளிக் கொடுத்தாள். அவர் அதைத் தட்டில் அடுக்கினார்.

கிளம்பப் பார்த்தார்கள். நான் படியில் குறுக்கே நின்றேன்.

“தலைவரே, பூவ வாங்கிட்டீங்க. எம்புள்ள மேல போட்ட பழி?”

“அதான் பூவே எடுத்தாச்சே. இன்னும் என்ன?”

“பூ ஏன் வரல்லன்னு சொல்லிட்டுப் போங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

அவர் மாயாண்டி அண்ணனைப் பார்த்தார். உதவி கிடைக்கவில்லை. ஆற்றங்கரையில் தப்பு வேகமெடுத்தது. “லைட்டுனாலதான்” என்று வாய்க்குள் முனகினார்.

“கமிட்டியில சத்தமாத்தானே கேட்டீங்க. சத்தமாச் சொல்லுங்க.”

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. என்னை அடித்துவிடுவாரோ என்று கூட நினைத்தேன். அடித்திருந்தால் நானும் அடித்திருப்பேன். பிறகு கம்பத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு, “லைட்டுனாலதான் பூ வரல்ல. புள்ள மேல பிழையில்ல” என்றார். வேலியில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கேட்டது. வீரம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் வழியை விட்டேன். பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று திரும்பினேன்.

பூரணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அடுப்படியில் மாவுக் கையோடு பார்த்த அதே பார்வை.

“இப்ப நீ சொல்லும்மா” என்றாள்.

“என்ன சொல்ல?”

“மொதல்ல கேட்டது நீதானே. சத்தமாச் சொல்லு.”

நடக்கத் தொடங்கிய கூட்டம் நின்றது. கந்தப்பனும் நின்று திரும்பினார். அந்த ஆளுக்கு முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கூசியது. ஆனால் அந்த ஆளைச் சொல்ல வைத்தவள் நான்தான். படியிலேயே நின்றேன்.

“எம்புள்ள பாத்தியில கால் வைக்கல,” என்றேன். “அவ உண்மையைச் சொன்னா. பொய் சொல்லாதன்னு நான் சொன்னேன். லைட்டப் பத்தித் தெரிஞ்சிருந்தும் நான்தான் மொதல்ல அவளச் சந்தேகப்பட்டேன். பிழை எம்மேல.”

பூரணி மடியை உதறினாள். ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு பூ படியில் விழுந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள், எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அவள் பின்னலில் அதை வைக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது.